ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாற்காலி

வெள்ளி இரவு, பெங்களூரு

நாளைக் காலை எட்டு மணிக்குக் கண்டீரவா ஸ்டேடியத்தின் 400 மீட்டர் டிராக்கில் 24 மணி நேர ஓட்டம். பையைக் கட்டியாயிற்று. இரண்டு ஜோடி ஷூ, அதில் ஒன்று அரை சைஸ் பெரியது. ராத்திரியில் பாதம் வீங்கும். சாக்ஸ், வாஸ்லின், எலக்ட்ரால், கடலைமிட்டாய், ஸ்வெட்டர். வலி மாத்திரையை வேண்டுமென்றே எடுத்து வரவில்லை. மணிக்கணக்காக ஓடி உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ஐபுபுரூஃபன் மாதிரியான மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும்.

"செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுத்துறதுக்கா டிக்கெட் எடுத்துப் போன?" என்று அம்மா போனில் கேட்டாள். "செக்குமாடு தனியா சுத்தும்மா. எனக்கு முன்னாலயும் பின்னாலயும் ஆள் இருப்பாங்க" என்றேன். சமாதானமான மாதிரி தெரியவில்லை.

மாரத்தானில் 42 கிலோமீட்டரை முடித்தால் வீட்டுக்குப் போகலாம். வேகமாக ஓடினால் சீக்கிரம் போகலாம். இங்கே எவ்வளவு வேகமாக ஓடினாலும் நாளை மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் முடியும். கிரேக்கரான யியானிஸ் குரோஸ் 1997-இல் அடிலெய்டில் 24 மணி நேரத்தில் 303.506 கிலோமீட்டர் ஓடினார். அந்தச் சாதனையை 24 ஆண்டுகள் யாராலும் தொட முடியவில்லை. 2021-இல் லிதுவேனியாவின் அலெக்சாண்டர் சொரோகின் அதைத் தாண்டினார்; அடுத்த ஆண்டு வெரோனாவில் 319.614 வரை போனார். ஒரு கிலோமீட்டருக்கு நாலரை நிமிடம், ஒரு பகலும் ஒரு இரவும் முழுக்க. அவருக்கும் ஒரு நிமிடம்கூட முன்னதாக முடியவில்லை.

சாயங்காலம் தம்பியும் நானும் டிராக்கைப் பார்க்கப் போனோம். 2022 ஜூலையில் 24 மணி நேர ஓட்டத்துக்கான ஆசிய ஓஷியானியா சாம்பியன்ஷிப் நடந்தது இதே இடத்தில்தான். அமர் சிங் தேவந்தா 258.418 கிலோமீட்டர் ஓடி முதலிடம் பெற்றார். சௌரவ் குமார் ரஞ்சன், ஜீனோ ஆன்டனி ஆகியோரின் தூரத்தையும் சேர்த்தால் 739.959, இந்திய ஆண்கள் அணிக்குத் தங்கம். கிரிக்கெட்டில் இதில் பத்தில் ஒரு பங்கு நடந்திருந்தாலும் தெருத்தெருவாக வெடி வெடித்திருப்போம். இந்தப் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

தம்பி கணக்குப் போட்டுக் காட்டினான். நூறு மைல் போக ஏறக்குறைய 400 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நம் மேசையருகே ஒரே ஒரு நிமிடம் நின்றால் 400 நிமிடம், அதாவது ஆறு மணி நாற்பது நிமிடம் நின்றே போய்விடும். முதல் லேனில் ஓடாமல் இரண்டாவதில் ஓடினால் சுற்றுக்கு ஏழரை மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். அது கணக்கில் சேராது.

சனி

இன்றைய பக்கம் தம்பியின் கையெழுத்தில். எனக்குக் கொடுத்ததையெல்லாம் இதே நோட்டில் குறித்துவைத்திருக்கிறான். அப்படியே விட்டுவிடுகிறேன்.

10.30 – வாழைப்பழம் பாதி. பேச்சு நிற்கவில்லை.
12.00 – திசை மாற்றம்.
2.10 – வெயில். தலையில் ஈரத்துணி. உப்புப் போட்ட உருளைக்கிழங்கு 3 துண்டு. "குமட்டுது" என்றாள்.
5.40 – விரலைப் பார்த்தேன். மோதிரம் சுழல்கிறது. சரி.
8.00 – திசை மாற்றம். ஷூ மாற்றினாள். இடது சுண்டுவிரலில் கொப்புளம்.
11.15 – தயிர்சாதம் நாலு ஸ்பூன். பேசவில்லை.
3.05 – நாற்காலி கேட்டாள். "ஒரு ரவுண்டு நடந்துட்டு வாக்கா, தர்றேன்."
3.10 – அதையேதான் மறுபடியும் சொன்னேன்.
3.16 – கேட்கவில்லை.

ஞாயிறு மாலை

மோதிர விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தாகம் தாகம் என்று வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். விரல் வீங்கி மோதிரம் இறுகுவது அதன் அறிகுறிகளில் ஒன்று. கவனிக்காமல் விட்டால் குழப்பம், வாந்தி, வலிப்பு வரை போகும். ஓடுகிறவருக்குத் தன் நிலைமை தெரியாமல் போகலாம் என்பதால் வெளியிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தம்பியை அழைத்து வந்தது அதற்காகத்தான்.

சாலையில் ஓடும் நீண்ட ஓட்டங்களில் உதவி பல கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் வரும். நடுவில் நின்றாலும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். டிராக்கில் அப்படி இல்லை. மூன்று, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நம் மேசை, நம் போர்வை, நம் நாற்காலி எல்லாம் எதிரே வரும். நிறுத்திக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும். இந்த ஓட்டத்தின் கஷ்டம் கால்வலியைவிட இதில்தான் அதிகம் என்பது என் அனுபவம். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் உடம்பின் சூடு இறங்கி, தூக்கம் கண்ணை அழுத்தும்போது, அந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை.

ஆனால் அதே 400 மீட்டருக்குள்தான் மற்றவர்களும் இருக்கிறார்கள். மாரத்தானில் ஜெயிக்கிறவரின் முதுகைக்கூட நான் பார்த்ததில்லை. இங்கே முன்னணியில் ஓடியவர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். எழுபது வயதைத் தாண்டியவர் போல ஒரு பெரியவர், வேகமாக வருகிறவர்களுக்கு வழிவிட்டு, வெளி லேனிலேயே ராத்திரி முழுக்க நடந்தார். மூன்று மணிக்குப் பிறகு கொஞ்ச நேரம் அவரோடு சேர்ந்து நடந்தேன். "எங்கம்மா, மெட்ராஸா?" என்று கேட்டார். பேரன் இன்ஜினியரிங் முடித்த கதையை நிதானமாகச் சொன்னார். அவர் பக்கத்தில் நடக்கும்போது நாற்காலியைக் கடந்ததே எனக்குத் தெரியவில்லை. 3.16-க்கு நான் ஏன் கேட்கவில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

திசை மாற்றத்தைப் பற்றியும் எழுத வேண்டும். ஒரே பக்கமாக வளைவில் திரும்பிக்கொண்டிருந்தால் ஒரு காலுக்கே சுமை சேரும் என்பதால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எதிர்த்திசையில் ஓடவிட்டார்கள். ஒரு கூம்பைச் சுற்றித் திரும்ப வேண்டும். திரும்பியதும், அதுவரை முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்கள் எதிரே வருகின்றன. கையை நீட்டித் தட்டிக்கொள்கிறோம். எல்லோரும் கூம்பைத் தாண்டும்வரை, ஒரு சுற்று நேரத்துக்குத்தான் இது நடக்கும். விடிகாலை நான்கு மணி மாற்றத்தில் உப்புப் பூத்த முகங்களையும் வெடித்த உதடுகளையும் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. எதிரே வந்த ஒரு பெண்ணும் அழுதுகொண்டிருந்தாள். அவள் பெயர் தெரியாது.

கடைசி அரை மணியில் எண் எழுதிய சிறு மணல் பையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். எட்டு மணிக்கு ஊதல் கேட்டதும் அவரவர் நின்ற இடத்தில் பையை வைத்துவிட வேண்டும். அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்து, முழுச் சுற்றுகளுக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதிக்கொள்வார். முதல் பரிசு வாங்கியவரும் அந்தப் பெரியவரும் நானும் ஒரே விநாடியில் முடித்தோம். பெரியவரின் மீட்டரையும் அதே சக்கரம் அதே அக்கறையோடு அளந்ததை நின்று பார்த்துவிட்டுத்தான் ஷூவைக் கழற்றினேன். நூறு மைல் வரவில்லை. நூறு கிலோமீட்டரைத் தாண்டிக் கணிசமாகவே போயிருக்கிறேன், எனக்கு நிறைவுதான்.

செவ்வாய், சென்னை

மாடிப்படியை இன்னும் பின்பக்கமாகத்தான் இறங்குகிறேன். பசி அடங்க மாட்டேன் என்கிறது. இதைவிட நீண்ட சுற்றோட்டமும் உண்டு: நியூயார்க் குயின்ஸில் 3100 மைல் ஓடும் போட்டி இருக்கிறது. 883 மீட்டர் நீளமுள்ள ஒரே தெருச்சுற்றை 52 நாளுக்குள் 5,649 முறை சுற்ற வேண்டும். இதை அம்மாவிடம் சொன்னேன். "அவங்களுக்கெல்லாம் சோறு யார் போடுவா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கும் ஆள் இருக்கிறார்கள் என்றேன்.

தம்பி அடுத்த முறை 12 மணி நேரப் பிரிவில் ஓடப் போகிறானாம். இன்று காலை கடற்கரைக்குப் போய் நடக்க ஆரம்பித்துவிட்டான். வேகத்தைப் பற்றி இப்போது யோசிக்காதே, நடந்துகொண்டே தயிர்சாதம் சாப்பிடப் பழகு என்று சொல்லியிருக்கிறேன்.