குதிரை கற்பித்த பாடம்

விளையாட்டு விழாவுக்கு முதல் நாள் எனக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. "போயே தீருவேன்" என்று அழுதேன். கிண்டி பந்தயக் குதிரை லாயத்தில் முன்பு வேலை பார்த்த தாத்தா அருகில் அமர்ந்தார்.

"இருமுகிற குதிரையை உடனே தனியே கட்டுவோம், கண்ணு. அதற்குத் தனி வாளி, தனிக் கடிவாளம். கை கழுவாமல் அடுத்த குதிரையைத் தொடமாட்டோம். 2008-இல் ஜம்மு பகுதியிலுள்ள கட்ராவில் தொடங்கிய குதிரைக் காய்ச்சல் பல மாநிலங்களுக்குப் பரவியதே! 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், வெளிநாட்டுக் குதிரைகளை அந்நாட்டு நோய்த்தடுப்புச் சட்டம் அனுமதிக்காததால், குதிரையேற்றப் போட்டிகளை ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள்."

தாம்பரம் வீட்டிலேயே இருந்தேன். தொடர் ஓட்டத்தில் என் இடத்தில் தோழி ஓடினாள். எங்கள் அணி தோற்றது. வருத்தம்தான். ஆனால் திங்களன்று வகுப்பில் காலியாக இருந்தது என் இடம் மட்டுமே!