சுவரைச் சுமந்து செல்பவர்

ஆண்டுதோறும் ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் பெங்களூருவின் குமாரகிருபா சாலை வாகனங்களுக்கு மூடப்படுகிறது. கர்நாடக சித்திரகலா பரிஷத் நடத்தும் சித்திர சந்தெக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் நடைபாதையிலும் மதிலோரத்திலும் தம் படைப்புகளை விரிக்கின்றனர். (கன்னடத்துச் ‘சந்தெ’ தமிழின் சந்தையேதான், கலையைச் சந்தை என்று கூச்சமின்றி அழைப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது.) கூட்டம் ஓவியங்களின் முகத்தைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தபோது, ஒரு பெண் மட்டும் அவற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தார். கயிறு எதில் கட்டப்பட்டிருக்கிறது, சட்டகம் எதன்மேல் சாய்ந்திருக்கிறது, காற்று வீசினால் முதலில் எது விழும் என்பனவே அன்று அவருடைய கவலைகள்.

அவர் நீர்வண்ண ஓவியர். சிறுவர்களுக்கு ஓவியம் கற்பித்துச் சேர்த்த 18,000 ரூபாய் கையில் இருந்தது. அடுக்குமாடி வளாகங்களிலும் கல்லூரிப் புல்வெளிகளிலும் நடக்கும் வார இறுதிச் சந்தைகளுக்கென்று அந்தத் தொகைக்குள் ஒரு கூடாரமும் காட்சிச் சுவர்களும் வாங்கியாக வேண்டும். அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய மாதம் ஒரு வளாகத்தில், அமைப்பாளர்கள் கட்டித் தந்த நீலத் தார்ப்பாய்க்குக் கீழே கடுகுப்பூ வயல் ஓவியம் ஒன்றை விற்றிருந்தார். மறுநாள் வாங்கியவர் திரும்பி வந்தார்: “நேற்று நான் பார்த்த மஞ்சள் இது இல்லைங்க.” அவர் சொன்னது உண்மை. நீலப் பாயின் வழியே இறங்கும் ஒளியில் மஞ்சள் மங்கிப் பசுமை சாயும். வீட்டின் மஞ்சள் விளக்கில் அதே வண்ணம் கூச்சலிடும். ஓவியர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவரை உறுத்தியது பணமன்று, ஏமாற்றியவரைப் பார்ப்பதுபோல் அந்த மனிதர் பார்த்த பார்வை.

எனவே கூரை வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது முதலிலேயே முடிவாயிற்று. கடைக்காரர்கள் சிவப்பையும் நீலத்தையும்தான் முன்னால் நீட்டினர். அவை அழுக்குத் தெரியாதவை, உணவுக் கடைகளுக்கு ஏற்றவை. மழை தாங்குமா என்பதையே எல்லோரும் பேசினர். பெங்களூருவின் ஜனவரியில் மழை அரிது, ஆனால் காற்று உண்டு. பத்தடிக்குப் பத்தடிக் கூரையின் பரப்பு ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 61 நியூட்டன் அழுத்தம் தரும். அது முழுவதும் மேல்நோக்கித் திரும்பினால் 58 கிலோ எடையைத் தூக்கிவிடும். தார்ச்சாலையிலும் கல் பாவிய முற்றத்திலும் முளையடிக்க வழியில்லை. இதற்கு அவர் கண்ட விடை 20 லிட்டர் தண்ணீர் கேன்: காலுக்கு ஒன்றாக நான்கு கேன்கள், 80 கிலோ. காலியாகக் கொண்டுபோய், போன இடத்தில் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம்.

சுவர்தான் அவரை அலைக்கழித்தது. கம்பி வலைச் சட்டம் காற்றை ஊடுருவ விடும், கொக்கியில் படத்தை நினைத்த இடத்தில் மாட்டலாம்; ஆனால் படங்களின் இடைவெளியில் பின்னால் நிற்கும் ஸ்கூட்டர்கள் தெரியும். நீர்வண்ணம் போன்ற மென்மையான ஊடகத்துக்கு அது பெருங்கேடு. துணிச் சுவர் கண்ணுக்கு அமைதி தரும், காற்றுக்கோ அது பாய்மரம். ஒட்டுப்பலகை உறுதியானது, எட்டுக்கு நாலடிப் பலகை ஆறு மில்லிமீட்டர் தடிமனிலேயே பத்துக் கிலோவைத் தாண்டும். கலைக்கூடத்தின் வெள்ளைச் சுவர் நடுநிலையானதன்று, அதற்குள் ஓர் அதிகாரம் இருக்கிறது என்று பிரையன் ஓ’டொஹர்டி 1976இல் ‘ஆர்ட்ஃபோரம்’ இதழில் எழுதினார். அந்த விமர்சனம் சரியே. ஆயினும் அந்தச் சுவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அது வேறுவிதமாகப் பொருள்படும். வெயிலில், பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் தன் படத்தை நின்று பார்க்கவைக்க அவருக்கிருந்த ஒரே கருவி அதுதான்.

கடைசியில் தெருமுனைத் தச்சர் ஒருவர் ரீப்பர் கட்டைகளில் இரண்டடி அகல, ஐந்தடி உயரச் சட்டங்கள் ஆறு செய்து கொடுத்தார். அவற்றின்மேல் வெளுக்காத காடாத் துணி இழுத்து அறையப்பட்டது. மும்மூன்றாகக் கீல் வைத்து மடித்ததால் கோணத்தில் தாமே நிற்கும். நேர்கோட்டில் நிறுத்தினால் விழுந்துவிடும். துணிக்குக் கீழே அரையடி திறந்தே விடப்பட்டது, காற்று போக. ஆறடி வேண்டும் என்றுதான் ஓவியர் கேட்டிருந்தார். “ஆட்டோல ஏறாதும்மா” என்று சொல்லித் தச்சரே ஐந்தாக்கினார்.

முதல் சந்தையன்று பிற்பகல் மூன்று மணிக்குக் காற்று எழுந்தது. பக்கத்துக் கடையின் சிவப்புக் கூரை ஒரு காலைத் தூக்கிச் சாய்ந்தது. நால்வர் ஓடிப் பிடித்தனர். வெள்ளைக் கூரை படபடத்ததோடு சரி. விற்றவை இரண்டு படங்கள். இரண்டையும் பணம் வாங்குமுன் கூடாரத்துக்கு வெளியே எடுத்து வந்து, திறந்த வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “வீட்டு விளக்குல இதைவிடக் கொஞ்சம் மஞ்சளாத் தெரியும்” என்றும் சொன்னார். மூன்றாவதாக வந்த ஒருவர் அதைக் கேட்டு யோசித்து, வாங்காமலே போய்விட்டார்.

கடுகுப்பூ வயல் இன்னும் அவரிடமே இருக்கிறது. மாலையில் கேன்களின் தண்ணீரை வளாகத்துத் தோட்டக்காரர் செடிகளுக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார்.