ஒரு மூட்டை அரிசியும் ஒரு போட்டோவும்

நான் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் அது. ஞாயிறு முதல் பூசை முடிந்து வெளியே வரும்போது டெய்லர் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், இப்ப சும்மாதானே இருக்கீங்க, நம்ம வின்சென்ட் சபைக்கு வாங்களேன். கணக்கு எழுத ஆள் இல்லை" என்றார். சும்மா இருக்கிறேன் என்று அவர் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஆனால் உண்மை அதுதான். முப்பது வருடத்துக்கு மேல் வருவாய்த் துறையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரில் நிற்பவர்களின் மனுக்களை வாங்கிப் பழகியவன். திடீரென்று மேசையும் இல்லை, நிற்பவர்களும் இல்லை. காலையில் செய்தித்தாளை இரண்டு முறை படித்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு என்றதும் ஒப்புக்கொண்டேன். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சாதாரணப் பங்கு எங்களுடையது. எங்கள் புனித வின்சென்ட் தே பவுல் சபையில் அன்று பதினொரு பேர். தையல் கடைக்காரர், பெயின்டர், மின்வாரிய லைன்மேன், ஆட்டோ ஓட்டுபவர், மாங்காய் மண்டியில் கணக்குப் பார்ப்பவர், ஓய்வு பெற்ற வாத்தியார் இருவர், இப்படி. பெண்களும் சேரலாம் என்று விதி இருந்தாலும் எங்கள் பங்கில் அவர்கள் மரியாயின் சேனைப் பக்கம் போய்விட்டார்கள். இது ஆண்கள் கூட்டமாகவே நின்றுவிட்டது.

கூட்டம் நடப்பது மறைக்கல்வி வகுப்பறையில். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். ஜெபம், ஒரு பக்கம் ஞான வாசகம், போன வார அறிக்கை, கணக்கு, யார் எந்த வீட்டுக்குப் போனார்கள், இந்த வாரம் யார் போவது. கடைசியில் இரகசியப் பை வரும். கறுப்புத் துணியில் டெய்லர் அண்ணன் தைத்த பை. மூடிய கையை உள்ளே விட்டு, திறந்து வெளியே எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அந்த வாரம் கையில் காசு இல்லாதவரும் வெறுங்கையை மூடி உள்ளே விட்டு எடுத்துவிடலாம். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. ரசீது இல்லாத வரவு என்ன வரவு என்று தோன்றியது.

மற்ற வரவு என்று பார்த்தால் ஏழைகள் உண்டியல், தவக்காலத்தில் வீடுகளில் சேர்க்கும் பிடி அரிசி, ஆஸ்திரேலியாவில் ஒரு சபை எங்களோடு இணைப்பு வைத்துக்கொண்டு அனுப்பும் சிறு தொகை. அவர்களுக்கு ஆங்கிலத்தில் நன்றிக் கடிதம் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. 'மேற்படி தொகை பெறப்பட்டது' என்ற அலுவலக நடையிலேயே முதல் கடிதம் எழுதிவிட்டேன். பெரிய வாத்தியார் படித்துவிட்டு, "இது என்ன சார், சம்மன் மாதிரி இருக்கு" என்றார்.

இந்தச் சபை பிறந்த கதை எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பாரிஸ் நகரத்தில் பிரெடெரிக் ஓசானாம் என்று ஒரு கல்லூரி மாணவர். மாணவர்களின் விவாதக் கூட்டத்தில் ஒருவன், "உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் பெரிய காரியங்கள் செய்தது சரி, இப்போது ஏழைகளுக்கு என்ன செய்கிறது?" என்ற பொருளில் குத்திக் கேட்டானாம். 1832-இல் காலரா வந்து பாரிஸ் நகரம் செத்துப் பிழைத்திருந்த சமயம். பதில் சொல்ல வாயில்லாமல் ஓசானாமும் நண்பர்களும் 1833 ஏப்ரல் 23 அன்று கூடினார்கள். அன்று அவருக்கு இருபது வயது நிறைந்த நாள். எம்மானுவேல் பாயி என்ற பத்திரிகைக்காரர் தலைவர். அவரையும் சேர்த்து ஏழு பேர்தான். ஏழைகளிடம் எப்படிப் போவது என்று இந்தப் பையன்களுக்குத் தெரியாது. ரோசலி ரெந்து என்ற கன்னியர்தான் எந்த வீடு, எந்த மாடிப்படி என்று அனுப்பி வைத்து, போன இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்றும் கற்றுக் கொடுத்தார். 1581-இல் பிறந்த வின்சென்ட் தே பவுலின் பெயரைச் சபைக்கு வைத்தார்கள். ஓசானாம் நாற்பது வயதில், 1853-இல் இறந்துபோனார். 1997 ஆகஸ்டில் இரண்டாம் ஜான் பால் பாரிஸுக்கே வந்து அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். அதே 1997 ஜனவரியில்தான் சேலத்திலிருந்து பிரிந்து எங்கள் தர்மபுரி மறைமாவட்டம் உருவானது. இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. எனக்குத் தேதிகள் பிடிக்கும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு நேரில் போவது, இருவராகப் போவது, போன வீட்டில் பார்த்ததை வெளியே பேசாமல் இருப்பது. மூன்றும் அன்று முதல் இருக்கும் வழக்கம். எனக்கு ஜோடி டெய்லர் அண்ணன்.

அவர் போகும் விதத்தைச் சொல்ல வேண்டும். வாசலில் நின்று குரல் கொடுப்பார். உள்ளிருந்து வா என்று சொல்லும் வரை செருப்பைக் கழற்ற மாட்டார். உட்காரச் சொன்னால்தான் உட்காருவார், தரையென்றாலும் சரி. அடுப்பு இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டார். கொண்டுபோன பை ஓர் ஓரமாக இருக்கும். பேச்சு மழையைப் பற்றி, ஆட்டுக்குட்டியைப் பற்றி, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றி. எழுந்து வரும்போது பையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்துவிடுவார்.

முதல் சில வாரம் நான் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போனேன். எங்கள் மாவட்டத்து நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம்; முட்டி மடக்க முடியாத பெரியவர்களையும் பார்க்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நிலைமை தேவலாம் என்றாலும் என் பயம் எனக்கு. ஒரு வீட்டில் சொம்பு நீட்டினார்கள். நான் "வேண்டாங்க" என்று என் பாட்டிலைத் திறந்தேன். அண்ணன் சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார், பாதிக்கு மேல். வெளியே வந்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "வெயில் ஜாஸ்தி சார் இன்னிக்கு" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து பாட்டில் ஸ்கூட்டர் பெட்டியிலேயே இருந்துகொண்டது.

கூட்டம் முடிந்தால் எதிர்த்த டீக்கடை. உண்மையைச் சொன்னால் முதல் வருடம் நான் கூட்டத்துக்குப் போனதே அந்த டீக்கடைக்காகத்தான். அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர்கள், கீழே இருந்தவர்கள் என்று இரண்டு வகைதான் பழக்கம். இங்கே லைன்மேன் என் முதுகில் தட்டி வடையைப் பிய்த்துக் கொடுப்பார். அவர் மனைவி தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கிடந்த இருபது நாளும் நாங்கள் முறை வைத்து இரவில் வராந்தாவில் படுத்தோம். அந்தக் கொசுக்கடியில் பெயின்டரும் நானும் விடிய விடியப் பழைய சிவாஜி படங்களைப் பற்றிச் சண்டை போட்டோம்.

இனி போட்டோ விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று நிறைய நாள் யோசித்தேன்.

2022 கிறிஸ்துமஸுக்கு முன்பு, வெளியூரில் நல்ல நிலையில் இருக்கும் ஒருவர் எங்கள் சபைக்கு இருபது மூட்டை அரிசி கொடுத்தார். பத்துக் கிலோ மூட்டை. கொடுக்கும்போது போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார். நியாயமான கோரிக்கையாகத்தான் எனக்குப் பட்டது. முப்பது வருடம் ஆதாரம் ஆதாரம் என்று கேட்டவன் அல்லவா? அண்ணன் மட்டும், "மூட்டையை அடுக்கி வெச்சு ஒரு படம் எடுத்து அனுப்பிடலாமே சார்" என்றார். நான் கேட்கவில்லை. பயனாளி இல்லாத படம் எப்படி ஆதாரம் ஆகும் என்று விளக்கம் வேறு சொன்னேன்.

நாங்கள் போய்வரும் ஒரு வீட்டில் ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும். புருஷன் இறந்து பல வருடம் ஆயிற்று. ஒரே மகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. வேலை இருந்தால் பணம் வரும், இல்லாவிட்டால் வராது. அந்த அம்மாவை வாசலில் நிற்க வைத்து, மூட்டையை நான் ஒரு பக்கம் பிடித்து அவரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, அடுத்த வீட்டுப் பையனை விட்டுப் படம் எடுத்தேன். அவர் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "முகம் தெரியல, கொஞ்சம் எடுங்கம்மா" என்று சொன்னது நான்தான். நன்கொடையாளருக்கு அனுப்பியதோடு நின்றிருக்கலாம். பங்கின் வாட்ஸப் குழுவிலும் போட்டேன். நாற்பது பேர் கும்பிடு போட்டார்கள். வலது கை, இடது கை வசனம் எல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை.

அடுத்த ஞாயிறு காலை கோவில் தாழ்வாரத்தில் ஒரு மூட்டை இருந்தது. கட்டுப் பிரிக்காத பத்துக் கிலோ. அந்த அம்மா விடியலிலேயே ஆட்டோவில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பூசைக்குக்கூட நிற்காமல் போய்விட்டாராம். படம் கைமாறிக் கைமாறிப் பெங்களூரில் மகனோடு வேலை செய்யும் நம்மூர்ப் பையன்களின் போன் வரை போயிருக்கிறது. மகன் அம்மாவைக் கூப்பிட்டு, "நான் செத்துட்டன்னு நெனச்சிட்டியா?" என்று கேட்டிருக்கிறான். ஆட்டோவுக்கு அவர் கொடுத்த காசு இரண்டு மூன்று கிலோ அரிசி விலை இருக்கும் என்று அப்போதும் என் மூளை கணக்குப் போட்டது. வெட்கமாக இருக்கிறது.

படத்தை அழித்தேன். கூட்டத்தில் எழுந்து என் தப்பு என்று சொன்னேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்று இரகசியப் பை சுற்றி வந்தபோது, அந்தப் பையை ஏன் கறுப்புத் துணியில் தைத்திருக்கிறார்கள் என்று முதல் தடவையாக யோசித்தேன்.

மன்னிப்புக் கேட்கப் போனோம். அண்ணனை உள்ளே கூப்பிட்டார். என்னைப் பார்த்ததும் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை இருவரும் போவோம். அண்ணன் உள்ளே போய்ப் பேசிக்கொண்டிருப்பார், நான் எதிரில் வேப்பமரத்தடியில் நிற்பேன். பை கொண்டுபோவதில்லை, அவர் வாங்கமாட்டார் என்று தெரியும். "நான் எதுக்கண்ணே வரணும், வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு நாள் கேட்டேன். "ரெண்டு பேரா போகணும்னு இருக்கில்ல சார்" என்றார். ஜனவரியிலிருந்து ஜூலை வரை அந்த மரத்தடியில் நின்றேன். தெருவில் போகிறவர்கள் என்ன விஷயம் என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்பேன். மனு கொடுக்க வந்தவர்கள் என் மேசைக்கு எதிரே எவ்வளவு நேரம் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க நிறைய நேரம் கிடைத்தது.

2023 ஜூலையில் மகளிர் உரிமைத் தொகைக்கு ரேஷன் கார்டு வாரியாக வீட்டுக்கு வீடு விண்ணப்பமும் டோக்கனும் கொடுத்தார்கள். அந்த வாரம் நாங்கள் போனபோது அண்ணன் உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து என்னைக் கை காட்டினார். "சார், இதை ரொப்பணுமாம். எனக்கு அளவு நோட்டுதான் எழுத வரும்."

வாசல்படியில் உட்கார்ந்தேன். உட்காரச் சொன்னது அந்த அம்மாதான். ஆதார், ரேஷன் கார்டு, கரண்ட் பில், பாஸ்புக் எல்லாம் ஒரு துணிப்பையில் ஒழுங்காக வைத்திருந்தார். எழுத ஆரம்பித்ததும் என் பழைய புத்தி விழித்துக்கொண்டது. விதவை ஓய்வூதியத்தை 1,200 ரூபாயாக உயர்த்தப் போகிறார்கள். இந்தத் தொகையோ 1,000. அதை வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது. "அம்மா, உங்களுக்கு அதுதான் லாபம். மாசம் 200 ரூபா கூட வரும். பேப்பரெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"அதுக்கு என்னான்னு பேருங்க?" என்றார்.

ஆதரவற்ற விதவைகள் ஓய்வூதியத் திட்டம். ஆயிரக்கணக்கான கோப்புகளில் நான் எழுதிய பெயர். அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லும்போது நாக்குத் தடுக்கியது.

"எம்மவன் பெங்களூர்ல இருக்கறான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கையிலிருந்த விண்ணப்பத்தைக் காட்டி, "இதுல என்னான்னு போட்டிருக்குது?"

"உரிமைத் தொகைன்னு."

"அதையே எழுதுங்க சார்."

எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், அலுவலகத்தில் எழுதியதைவிட நிதானமாக எழுதினேன். முடித்ததும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து முதலில் எனக்கு நீட்டினார்.

அந்த ஞாயிறு கூட்டத்தில் எங்கள் முறை வந்தபோது டெய்லர் அண்ணன் எழுந்து, "ஒரு வீட்டுக்குப் போனோம், நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நானும் அறிக்கைப் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன்.