நாங்களும் நாமும்

திசையன்விளையில் நின்று இடையன்குடிக்கு எந்த பஸ் என்று விசாரித்தால், பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து விழுகிறது. "கால்டுவெல் வீட்டப் பாக்கவா வாரீய?"

சென்னையிலிருந்து வந்தவள் தலையசைக்கிறாள். அவளுடைய கைப்பையில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு முழ ரேந்தை இருக்கிறது. பாட்டி சிறுமியாக இருந்தபோது பின்னியது. உருளைத் தலையணை மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னிய வேலை. லேஸ் என்று பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை. போர்ச்சுக்கீசியர் இந்தக் கடற்கரையில் விட்டுப்போன சொல்தான் அவருக்கு வசதி.

பாட்டி இன்னொன்றும் விட்டுப்போயிருந்தார். இரவு ஜெபத்தில் பேத்தி 'நம்முடைய பிதாவே' என்று தொடங்கியபோது நிறுத்தித் திருத்தினார். "சாமிகிட்டப் பேசும்போது நாங்கன்னு சொல்லணும். ஊர்க்காரங்ககிட்டப் பேசும்போது நாமன்னு சொல்லணும். ஜெபத்துல நாமன்னு சொன்னா சாமியும் பாவின்னு ஆயிரும்லா."

சித்திரை வெயில். சாலையின் இருபுறமும் செம்மணல் தேரி, அதன் மேல் கறுத்து நிமிர்ந்த பனைகள். கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்கு வெளியே ஓலைப் பட்டையில் பதனீர் ஊற்றித் தருகிறார்கள். மிருக்குத்தடியை மரத்தில் சாய்த்துவிட்டுப் பெரியவர் ஒருவர் காலில் தளைநாரை மாட்டுகிறார். காலையில் ஒருமுறை ஏறி இறங்கியாயிற்று, மாலையிலும் ஏற வேண்டும். 1841-ஆம் ஆண்டின் கடைசியில் ராபர்ட் கால்டுவெல் இங்கே வந்து நின்றபோதும் கண்ணில் பட்டது இந்த மணலும் இந்த மரமும்தான்.

அவர் வந்த விதமே கொஞ்சம் விநோதம். அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் 1814-இல் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்து, இளமையில் டப்ளினில் ஓவியம் கற்றவர். லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராகக் கப்பலேறி 1838 ஜனவரியில் சென்னையில் இறங்கினார். அதே கப்பலில் தெலுங்கு அறிஞர் சி.பி. பிரவுனும் இருந்தார். பயணம் பாதி வகுப்பாகவே கழிந்தது. மூன்று ஆண்டுகள் சென்னையில் தமிழ் படித்தபின், ஆங்கிலிக்கன் திருச்சபையின் எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்து தெற்கே புறப்பட்டார். அவர் போனது பெரும்பாலும் நடந்தே. தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு நெல்லைச் சீமைக்கு வந்து சேர்ந்தார். மக்களையும் அவர்கள் பேச்சையும் அருகிலிருந்து தெரிந்துகொள்ள அதுவே வழி என்று நினைத்தார்.

வந்த இடத்தில் தெரு இல்லை. மணலும் குடிசைகளும் வந்த வாக்கில் கிடந்தன. இன்றைய இடையன்குடியில் நேர்கோட்டில் ஓடும் தெருக்களும், அவற்றின் அமைப்பும் அவர் காலத்துத் திட்டம். அவர் குடியிருந்த வீட்டைத் தமிழக அரசு புதுப்பித்து நினைவில்லமாக வைத்திருக்கிறது. அளவான வீடு. எலிசா மால்ட்டை மணந்து, 1844-இல் அவர் குடித்தனம் தொடங்கியது இங்கேதான்.

எலிசாவைப் பற்றிப் பேசாமல் கால்டுவெல்லைப் பற்றி மட்டும் பேசுவது பொதுவழக்கம். அவர் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியின் மகள். நாகர்கோவிலில் வளர்ந்தவர். கணவருக்குப் புத்தகத்தில் கிடைத்த தமிழ் அவருக்கு முற்றத்தில் கிடைத்திருந்தது. மார்த்தா நாகர்கோவில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ரேந்தை வேலையை மகள் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தொடங்கினார். பெண் கையில் சொந்தமாகச் சம்பாதித்த காசு விழுவது அன்றைக்குப் பெரிய சங்கதி. கைப்பையிலிருக்கும் அந்த ஒரு முழம் அப்படித்தான் பாட்டிவரை வந்து சேர்ந்தது.

தூய திரித்துவ ஆலயத்துக்குள் நுழைந்ததும் சூடு சட்டென்று இறங்குகிறது. கூர்மாடமாக எழும்பும் வளைவுகள், உயரமான சன்னல்கள். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர் சாவிக்கொத்தோடு வருகிறார்.

"கட்டி முடிக்க எத்தன வருசம் ஆச்சு தெரியுமா? முப்பத்தி மூணு! 47-ல அஸ்திவாரம், 80-ல பிரதிஷ்டை."

அந்த 33 ஆண்டுகளுக்குள் என்னவெல்லாம் நடந்தது என்று அவள் மனசுக்குள் அடுக்கிப் பார்க்கிறாள். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் லண்டனில் வெளியானது. தென்னிந்திய மொழிகள் சம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று 1816-லேயே ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் சொல்லியிருந்ததை, கால்டுவெல் ஒரு முழு இலக்கணமாக விரித்து நிறுவினார். 1875-இல் இரண்டாம் பதிப்பு. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். நடுவில், 1877-இல் பிஷப் பட்டம். கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்துப் பழம்பொருள்களைக் குறித்துவைத்ததும் இந்தச் சமயத்தில்தான். இத்தனைக்கும் இடையில் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டிருந்தது.

ஒப்பிலக்கணத்தில் ஒரு இடம் அவளுக்குப் பாட்டியை நினைவூட்டியது. கேட்பவரைச் சேர்க்கும் 'நாம்', சேர்க்காத 'நாங்கள்' என்ற வேறுபாட்டை அதில் கால்டுவெல் ஆராய்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பிரசங்க பீடத்தில் ஏறிய அயர்லாந்துக்காரர் ஒவ்வொரு வாக்கியத்திலும் நின்று தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். நாமா, நாங்களா?

எப்போதும் சரியாகத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல முடியாது. 1849-இல் அவர் நெல்லைப் பனையேறி மக்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இங்கிலாந்திலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்காக எழுதியது. அதில் அந்த மக்களின் அறிவும் பூர்விகமும் தாழ்வாகச் சித்திரிக்கப்பட்டன. அவர்கள் என்றும் ஆங்கிலம் படிக்கப்போவதில்லை என்ற நினைப்பு இருந்திருக்கலாம். ஆனால் மிஷன் பள்ளிக்கூடங்களே அவர்களைப் படிக்கவைத்தன. படித்தவர்கள் அந்தப் புத்தகத்தையும் படித்தார்கள். கொதித்தார்கள்.

அந்தக் கோபத்தின் முகமாக நின்றவர் நாசரேத் பக்கத்து உபதேசியார் ஒருவர். அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை. மிஷனிலிருந்து நீக்கப்பட்ட அவர், 1857-இல் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரக் குருமார் யாரும் இல்லாத ஒரு சபையைத் தொடங்கினார். கிறிஸ்துவை விடவில்லை, துரைகளை விட்டார். அந்தச் சபைக்கு ஓய்வுநாள் ஞாயிறு அல்ல, சனி. கால்டுவெல் பிற்காலத்தில் தம் நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார். எழுதப்பட்ட மக்களுக்கு நடுவிலேயே, அதை எழுதியபின் நாற்பது ஆண்டுகள் வாழ வேண்டியிருந்தது என்பது, நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு வாய்க்காத தண்டனை.

பெரியவர் பலிபீடத்தைக் காட்டுகிறார். "இங்கனதான் இருக்காவ, ரெண்டு பேரும்."

1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் கால்டுவெல் இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி இந்தத் தேரிவரை கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 1899-இல் எலிசா. மெரினாவில் 1968-இல் வைத்த சிலை மொழியறிஞருக்கு. இங்கே கிடப்பது 'கால்டுவெல் ஐயர்'.

மறுநாள் காலை டோனாவூர். ஊர்ப்பெயரே ஒரு கதை. பாளையங்கோட்டையில் 1826-இல் ஊசிக்கோபுர ஆலயத்தைக் கட்டிய ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ், நன்கொடை தந்த டோனா பிரபுவின் பெயரை ஒரு நெல்லைக் கிராமத்துக்கு வைத்தார். மக்கள் அதோடு ஊரைச் சேர்த்துக்கொண்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்தில் நிற்கிறது. பனை குறைந்து வயலும் வாழையும் வருகின்றன.

இங்கே வாழ்ந்தவரும் அயர்லாந்தில் பிறந்தவர்தான். ஏமி கார்மைக்கேல். ஜப்பானில் ஓராண்டு சொச்சம் பணியாற்றி உடல்நலம் கெட்டுத் திரும்பி, 1895-இல் இந்தியா வந்தவர். அதன்பின் ஒருமுறைகூடப் பிறந்த நாட்டுக்குப் போகவில்லை. முதலில் பெண்கள் குழுவோடு ஊர் ஊராக மாட்டுவண்டியில் போய்ப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். 1901 மார்ச்சில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பியோடி அவரிடம் வந்து சேர்ந்தாள். அதோடு மாட்டுவண்டிப் பயணம் முடிந்தது. ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர் ஊர் சுற்ற முடியாது. பிரசங்கத்தை விட்டுவிட்டுத் தாதி வேலை பார்க்கிறார் என்று மற்ற மிஷனரிகளில் சிலர் முகம் சுளித்தார்கள். குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. தொட்டில்கள், பால், வயிற்றுப்போக்கு, சிறு கல்லறைகள். 1918-இலிருந்து ஆண்குழந்தைகளையும் எடுத்து வளர்த்தார்கள். பிறகு ஒரு மருத்துவமனையும் எழுந்தது.

அவரோடு உழைத்த பொன்னம்மாளைப் போன்ற தமிழ்ப் பெண்கள் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. 1915-இல் பொன்னம்மாள் புற்றுநோயில் இறந்தபோது ஏமி ஒடிந்துபோனார். 1931-இல் ஒரு குழியில் விழுந்து காலொடிந்தது. மிச்ச இருபது வருடங்கள் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே, படுக்கையில். அங்கிருந்தபடியே புத்தகங்கள் எழுதினார். அவற்றிலும் இந்த நாட்டை வெளியிலிருந்து கடுமையாகப் பார்க்கும் பக்கங்கள் உண்டு. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்ததைப் பார்த்துவிட்டு, 1951 ஜனவரியில் கண்மூடினார்.

கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மரநிழலில், பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும் நிற்கிறது. அதில் ஒரே ஒரு சொல்: அம்மா. அவள் அங்கே நின்றபோது தவிட்டுக்குருவிகள் இரண்டு தண்ணீருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

நெல்லைக்குத் திரும்பும் வழியில் வெள்ளாளன்விளைக்குப் போகவில்லை, நேரமில்லை. ஆனால் அந்த ஊரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1874-இல் அங்கே ஓர் ஊர்க்குருவானவரின் வீட்டில் அசரியா பிறந்தார். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். துரைமாரிடம் பணம் கேட்பதில்லை, இந்தியர் காசில் இந்தியரே போவது என்பது ஏற்பாடு. நிஜாம் சீமையின் டோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். 1909-இல் தாமே தெலுங்கு படித்துக்கொண்டு போனார். மறு ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், ஐரோப்பியர்கள் நிறைந்த சபையில் எழுந்து, அவர்களுடைய தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, இந்திய ஊழியரோடு அவர்கள் வைத்திருக்கும் தூரத்தைப் பற்றி முகத்துக்கு நேராகப் பேசினார். அவர் கேட்டது நட்பு. கேட்டவர்களில் பலருக்கு அது கசந்தது. 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். 1939-இல் டோர்ணக்கல்லில் பிரதிஷ்டையான அவருடைய பேராலயத்தில் கூர்மாடம் இல்லை. இந்துக் கோயிலின் தூண்களும் மசூதியின் சாயலும் அதில் கலந்து நின்றன.

மாலையில் நெல்லை ஜங்ஷன். நெல்லை எக்ஸ்பிரஸ் நிற்கும் நடைமேடையில் ஒரு குடும்பமே இளம் தம்பதியை வழியனுப்ப வந்திருக்கிறது. அட்டைப்பெட்டி, அதற்குள் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி, ஊறுகாய் பாட்டில், கொசுவலை.

இருக்கை எதிரெதிரே அமைந்துவிட்டது. எங்கே போகிறார்கள் என்று கேட்டாள்.

"சென்னை, ஹவுரா, அப்புறம் சாகிப்கஞ்ச். ஜார்க்கண்டு, அக்கா. ராஜ்மகால் மலையில மால்டோ சனங்க இருக்காங்க. அங்க பள்ளிக்கூடம்."

தமிழ்நாட்டு மிஷனரிகள் பல பத்தாண்டுகளாகப் போய்வரும் மலை அது. மலேரியாவும் காலா அசாரும் அங்கே ஆட்களைக் கொண்டுபோயிருக்கின்றன. மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமும் ஜார்க்கண்டில் 2017 முதல் உண்டு. எந்தப் பேச்சையும் அளந்துதான் பேச வேண்டும். அந்தப் பெண் இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். பயமில்லையா என்றால், "இருக்கு. முதல் வருசம் அழுதுட்டே கெடந்தேன்" என்றாள். அந்த ஊர்ப் பெண்கள் அவளுக்குத் தண்ணீர்க் குடம் தலையில் நிற்கக் கற்றுக்கொடுத்தார்களாம். இவள் குடம் உடைத்த கதையை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

மால்டோ கங்கைக் கரையில் பேசப்படும் திராவிட மொழி. ராஜ்மகால் பேச்சு என்ற பெயரில் அது கால்டுவெல்லின் புத்தகத்தில் இருக்கிறது.

"கஷ்டமா அந்தப் பாஷை?"

"மொதல்ல கஷ்டம். அப்புறம் ஒருநாள் எங்க வீட்டுக்கு எதிர்ல இருக்கிற ஆத்தா பேசிட்டிருந்தாங்க. ஏம்னு சொன்னாங்க. கேட்டா, அது நாங்க. எங்க ரெண்டு பேரையும் சேக்காம அவங்க மட்டும். அப்போ எங்களையும் சேத்துச் சொல்லணும்னா எப்படிச் சொல்லுவீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நாம்."

பெண் கொட்டானைப் பிரித்து ஒரு துண்டு கருப்பட்டியை உடைத்து நீட்டினாள். வாஞ்சி மணியாச்சி தாண்டி வண்டி இருட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே பனைகள் தெரிந்தன, பிறகு தெரியவில்லை.

"அந்த ஆத்தா ஒங்கள ஏம்னு சொல்லுறாங்களா, நாம்னு சொல்லுறாங்களா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

"நாளப் பொறுத்து" என்றாள்.