தானே எழுந்து நிற்கும் பிள்ளை

ஆசிரியர் அறையிலும் பயிலரங்குகளிலும் நம் செவியில் அடிக்கடி விழும் தொடர்கள் இரண்டு. ஒன்று, மாணவர் மையக் கற்பித்தல். மற்றொன்று, மீண்டெழும் ஆற்றல். முதலாவது நமக்குப் புதியதன்று. 1983-இல் கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டம் வந்தபோதே குழு நடவடிக்கை, குறைநீக்கல், வளப்படுத்துதல் ஆகியவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம். 2011-இல் ஆண்டு 1 தொடங்கி கே.எஸ்.எஸ்.ஆர். நடப்புக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து 21-ஆம் நூற்றாண்டுக் கற்றல் என்றார்கள். மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். மாணவர் படைப்புகளைச் சுவரில் ஒட்டினோம்.

இரண்டாவது தொடரையோ நாம் பெரும்பாலும் தன்முனைப்பு முகாம்களுக்கென ஒதுக்கிவிடுகிறோம். ஆண்டுக்கொரு முறை பேச்சாளர் ஒருவரை அழைத்து வருகிறோம். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், சிலர் கண்கலங்குகிறார்கள். மறுநாள் கணக்கில் ஒரு விடை தவறிப்போனால் பழையபடி அழிப்பானைத் தேடுகிறார்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரின் ஏட்டை எட்டிப் பார்க்கிறார்கள்.

இவ்விரண்டும் ஒரே பணியின் இரு பெயர்கள் என்பதே பல்லாண்டு வகுப்பறை அனுபவத்தில் நான் கண்டது. அன்றாடப் பாடத்தில் சிறு சிறு தடைகளைத் தானே தாண்டிப் பழகாத பிள்ளைக்கு மன உறுதியைச் சொற்பொழிவால் ஊட்டிவிட முடியாது.

ஆறாம் ஆண்டுக்குப் பின்னர் என்ன?

நம் நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவை அனைத்தும் தொடக்கப்பள்ளிகளே. ஆறாண்டுகள் தமிழில் பயின்ற பிள்ளை, படிவம் 1-இல் தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும்போது அதன் உலகமே மாறிவிடுகிறது. அறிவியல், வரலாறு, புவியியல் என எல்லாம் வேறு மொழியில். அறிவிப்புகள் வேறு மொழியில். வகுப்பில் நம் பிள்ளைகள் சிலர் மட்டுமே. ஐயம் எழுந்தால், அரைகுறையாகத் தெரிந்த மொழியில் கையுயர்த்திக் கேட்டாக வேண்டும். நாற்பது கண்கள் திரும்பிப் பார்க்கும்.

தீபாவளி விடுமுறையில் முன்னாள் மாணவர்கள் பார்க்க வருவது வழக்கம். அவர்களுடன் பேசும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஆறாம் ஆண்டில் அனைத்துப் பாடங்களிலும் முதன்மை பெற்ற மாணவி ஒருவர், "வகுப்பில் நான் பேசுவதே இல்லை டீச்சர்" என்றார். நடுத்தர அடைவு பெற்ற மாணவர் ஒருவரோ, "முதல் மாதம் ஒன்றும் விளங்கவில்லை டீச்சர். பிறகு பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டேன்" என்றார். இன்னொருவர் படிவம் 2-உடன் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டார் என்று நண்பர்கள் வழியாகத்தான் தெரிந்தது. மூவரும் ஒரே வகுப்பறையில் பயின்றவர்கள். அறிவில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. தெரியாத ஒன்றின் முன் நிற்கும்போது என்ன செய்வது என்பதில்தான் அவர்கள் வேறுபட்டார்கள்.

1988 தொடங்கி யூ.பி.எஸ்.ஆர். தேர்வே நம் பள்ளிகளின் அளவுகோலாக இருந்தது. மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்வித்தோம். கேள்விகளை ஊகித்துப் பயிற்சி அளித்தோம். 2021-இல் அத்தேர்வு அகற்றப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் நிழல் நம் கற்பித்தலை விட்டு இன்னும் அகலவில்லை. மாதிரிக் கட்டுரை இன்றும் நகலெடுத்துத் தரப்படுகிறது. அதை மனனம் செய்த பிள்ளைக்கு அந்தத் தலைப்பு தெரியும்; தலைப்பு மாறினால் கை நின்றுவிடும்.

வள்ளுவரும் ஹவாய் ஆய்வும்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் உளவியலாளரும் அவர்தம் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பப் பிளவு போன்ற பல இடர்களுக்கிடையே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் திறமையும் உடைய பெரியவர்களாக வளர்ந்திருந்தனர். அவர்களின் வாழ்வில், அவர்கள்பால் நிலையான அக்கறை கொண்ட பெரியவர் ஒருவரேனும் இருந்தார் என்பது அவ்வாய்வின் முதன்மையான முடிவுகளுள் ஒன்று. அப்பெரியவர் பெற்றோராக இருந்தாக வேண்டும் என்பதில்லை. பாட்டியாகவோ ஆசிரியராகவோ இருக்கலாம்.

நம் திருக்குறளின் அதிகார வைப்பையும் நோக்குங்கள். ஊக்கமுடைமை 60-ஆம் அதிகாரம், மடியின்மை 61, ஆள்வினையுடைமை 62, அதன் பின்னரே 63-ஆம் அதிகாரமாக இடுக்கண் அழியாமை வருகிறது. முயன்று பழகியவனுக்கே துன்பத்தில் கலங்காத மனம் வாய்க்கும் என்று இவ்வரிசையை நான் பொருள் கொள்கிறேன். குறளை ஒப்புவிக்கச் செய்யும் நாம் இந்த வரிசையை வகுப்பறையிலும் பின்பற்றினால் என்ன?

வகுப்பறையில் நான் கடைப்பிடிக்கும் நான்கு முறைகள்

1. காத்திருத்தல். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோவ் 1970-களில் கண்டறிந்தார். அதை மூன்று விநாடிகளுக்கு மேல் நீட்டித்தபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. அதிகமானோர் தாமாக முன்வந்து பேசினர். நான் கேள்வி கேட்டதும் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுவேன். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் விடையைச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். அதன் பின்னரே வகுப்புக்குச் சொல்ல வேண்டும். இருவராகப் பேசிப் பார்த்த பிள்ளைக்கு முப்பது பேர் முன் பேசும் அச்சம் பாதியாகக் குறைகிறது.

2. முதலில் முயற்சி, பிறகு விளக்கம். சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய மனு கபூர், 'பயன்தரும் தோல்வி' என்ற கருத்தை 2008-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்; பின்னர்ச் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் கணிதப் பாடத்தில் அதனை ஆராய்ந்தார். விளக்கத்தைக் கேட்பதற்கு முன்பே சிக்கலோடு போராடிய மாணவர்கள் சரியான விடையை எட்டாவிட்டாலும், பின்னர் ஆசிரியர் விளக்கும்போது ஆழமாகப் புரிந்துகொண்டார்கள் என்பது அவர் கண்டது.

இதனை இலக்கணப் பாடத்தில் செய்து பார்த்தேன். வேற்றுமை உருபுகளுக்குப் பின் வலிமிகும் விதியைச் சொல்லாமல், ஆறு தொடர்களை மட்டும் வெண்பலகையில் எழுதினேன். பாலைக் குடித்தான், பாலை ஊற்றினாள், கடைக்குப் போனான், கடைக்கு வந்தான், கதையைச் சொன்னாள், கதையை வாசித்தாள். சில இடங்களில் மெய்யெழுத்து வருகிறது, சில இடங்களில் வரவில்லை. ஏன் என்று கண்டுபிடியுங்கள் என்றேன். ஒரு குழு, "ஆண்கள் செய்தால் மெய் வரும்" என்று விதி வகுத்தது. வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அக்குழுவில் ஒரு சிறுமியே, "கதையைச் சொன்னாள் என்பதில் பெண்தானே?" என்று தம் விதியைத் தாமே உடைத்தார். இருபது நிமிடங்களில் மூன்று விதிகள் எழுந்து விழுந்தன. இறுதியில், அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கண்டுகொண்டார். அதன் பின்னர் வல்லின எழுத்துகளை நினைவூட்டி, இரண்டாம் நான்காம் வேற்றுமை விதியை நான் தெளிவாக விளக்கினேன். இவ்விளக்கத்தைத் தவிர்த்துவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் குழப்பமே எஞ்சும்.

3. பிழையைச் சுட்டுதல், திருத்தாமை. கட்டுரையில் பிழையான சொல்லைத் திருத்தி எழுதுவதற்கு மாறாக, அந்த வரியின் ஓரத்தில் பிழைகளின் எண்ணிக்கையை மட்டும் குறிப்பேன். எங்கே என்பதைப் பிள்ளை தேட வேண்டும், அகராதியைப் புரட்டலாம், நண்பரைக் கேட்கலாம். இரண்டாம் படிக்கே புள்ளி. தொடக்கத்தில் சில பெற்றோர்கள், "டீச்சர் ஏட்டைத் திருத்துவதே இல்லையே" என்று கேட்டார்கள். முதல் படியையும் இரண்டாம் படியையும் அருகருகே வைத்துக் காட்டிய பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

4. ஆளுக்கொரு பொறுப்பு. குழு நடவடிக்கையில் ஒருவர் எழுத, மூவர் வேடிக்கை பார்ப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் அரோன்சன் உருவாக்கிய முறையில், பாடத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு மாணவரிடம் மட்டுமே இருக்கும். மெதுவாகப் பயிலும் பிள்ளையிடம் இருக்கும் பகுதி இல்லாமல் குழுவின் பணி முடிவடையாது. ஆகவே மற்றவர்கள் அவருக்காகக் காத்திருக்கவும், அவரிடம் கேட்கவும் கற்றுக்கொள்கிறார்கள்.

ஏட்டைக் கிழித்த மாணவர்

ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவர் இருந்தார். ஒரு பிழை நேர்ந்தாலும் அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுவார். அவருடைய ஏடு மாதந்தோறும் மெலிந்துகொண்டே போனது. அவருக்கென ஒரு விதி வைத்தேன்: பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, பிழையின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு அதன் கீழே மறுபடியும் எழுத வேண்டும். முதல் வாரத்தில் எழுதவே மறுத்தார். இரண்டாம் வாரத்தில் மூன்று வரிகள். நாள்தோறும் ஓய்வுநேரம் தொடங்குமுன் இரண்டு நிமிடம் அவருடன் அமர்ந்து, கோடு போட்ட இடங்களை மட்டும் சேர்ந்து பார்த்தோம். ஆண்டிறுதியில் எழுத்துத் திறனில் அவருடைய அடைவுநிலை 2-இலிருந்து 3-க்குத்தான் உயர்ந்தது. அறிக்கையில் அது சிறிய மாற்றமாகவே தோன்றும். ஆனால் அவருடைய ஏட்டின் கடைசி இருபது பக்கங்களும் முழுமையாக இருந்தன.

இரண்டு எச்சரிக்கைகள்

மாணவர் மையம் என்பது ஆசிரியர் ஒதுங்கி நிற்பதன்று. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத ஆண்டு 1 பிள்ளையிடம் தானே கண்டுபிடி என்று சொல்வது கொடுமை. அவருக்கு ஆசிரியர் நேரடியாக, படிப்படியாகக் கற்பிக்கத்தான் வேண்டும். சுமையின் அளவு பிள்ளையின் தோளுக்கு ஏற்றதாக இருக்கட்டும்.

அதுபோல, மீண்டெழும் ஆற்றல் என்ற பெயரில் எல்லாப் பொறுப்பையும் பிள்ளையின் மேல் சுமத்திவிடவும் கூடாது. பசியோடு வரும் பிள்ளைக்கு முதலில் உணவு வேண்டும். வீட்டில் அச்சத்தோடு வாழும் பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும். அதற்கு ஆலோசக ஆசிரியரையும் நிருவாகத்தையும் நாடுவது நம் கடமை.

பெற்றோர்களுக்கு

மறந்துபோன ஏட்டைப் பள்ளி வாசலுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் பெற்றோர்களை நாள்தோறும் காண்கிறேன். அன்பினால் செய்கிறீர்கள்; ஐயமில்லை. ஆனால் ஏடு இல்லாமல் ஒருநாள் ஆசிரியரிடம் சென்று, "மறந்துவிட்டேன், என்ன செய்யலாம்?" என்று பிள்ளை தானே கேட்பதும் ஒரு பாடமே. பள்ளிக்கான செயல்திட்டத்தை நீங்கள் செய்து கொடுத்தால் அது அழகாக இருக்கும். பிள்ளை செய்தால் கோணலாக இருக்கும். கோணலானதையே எங்களுக்கு அனுப்புங்கள்.

மாலையில், "எத்தனை புள்ளி?" என்று கேட்குமுன், "இன்று எது கடினமாக இருந்தது? என்ன செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் சில நாள்கள் "ஒன்றும் இல்லை" என்றே விடை வரும். விட்டுவிடாதீர்கள்.

ஆறாண்டுகள் நம் கையில் இருக்கும் பிள்ளையை ஒருநாள் பெரிய பள்ளியின் வாசலில் விட்டுவிட்டு நாம் திரும்பத்தான் வேண்டும். அங்கே நம் மாதிரிக் கட்டுரைகள் உடன் செல்லா. தெரியாதபோது கேட்கவும், தவறியபோது திருத்திக்கொள்ளவும் பழகிய பழக்கம் உடன் செல்லும். அப்பழக்கத்தை நாளைய முதல் பாடவேளையிலேயே, ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஐந்து வரை எண்ணுவதிலிருந்து தொடங்கலாம்.