டெம்பரரி தம்பி

எங்கள் ஆபீஸில் நான் பர்மனென்ட். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் உண்டு. பக்கத்து சீட் தம்பி டெம்பரரி. ஆறு மாத கான்ட்ராக்ட் முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டுப் போனான்.

திங்கள் காலை, புகார் பதிகிற டேபிள் படுத்துவிட்டது. 'வரிசை எண் காலியாக இருக்கிறது, ஏற்க மாட்டேன்' என்று போஸ்ட்கிரெஸ் அடம்பிடித்தது. வெள்ளிக்கிழமை என் மெஷினிலிருந்து நான் ஏற்றிய 1,846 பழைய புகார்களைச் சமர்த்தாக வாங்கிக்கொண்ட அதே டேபிள்!

"போறப்ப அந்தப் பையன்தான் எதையோ குடைஞ்சிருக்கான். பாக்கிச் சம்பளத்தை நிறுத்தறேன்" என்றார் மானேஜர்.

"இருக்கும் சார்" என்று நானும் தலையாட்டி வைத்தேன். டேபிளைக் கட்டியவன் நான்தான் என்பதை ஏனோ அப்போது சொல்லத் தோன்றவில்லை.

மனசு கேட்காமல் தம்பிக்குப் போன் போட்டேன்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷினை ஆஃப் பண்ணீங்களா சார்?"

"ஆமா."

"சீக்வென்ஸை டெம்பரரியா கிரியேட் பண்ணிட்டீங்களோ?"

சீக்வென்ஸ் என்பது டேபிள் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற ஆள். ஸ்கிரிப்டைத் திறந்தேன். ஒத்திகைக்காக இரண்டு வரியிலும் 'டெம்ப்' போட்டிருந்தேன். டேபிள் வரியில் எடுத்தவன், சீக்வென்ஸ் வரியில் எடுக்க மறந்திருக்கிறேன்.

டெம்பரரி சமாசாரங்களுக்கு ஆயுள், கனெக்‌ஷன் இருக்கும்வரைதான். போனதும் போஸ்ட்கிரெஸ் அவற்றை அழித்துவிடும். அவற்றை நம்பியிருப்பவற்றையும் சேர்த்து. டேபிள் பிழைத்தது, புகார்கள் பிழைத்தன. 'நம்பரை இங்கே வாங்கு' என்ற டீஃபால்ட் மட்டும் சத்தமில்லாமல் காலி.

டெம்பரரி டேபிளை நம்பி வியூ கட்டினால், 'இதுவும் டெம்பரரிதான்' என்று சொல்லிவிடும். பர்மனென்ட் டேபிளிலிருந்து டெம்பரரி டேபிளுக்கு ஃபாரின் கீ போட்டால் முடியாது என்று மறுத்துவிடும். டீஃபால்ட் விஷயத்தில் மட்டும் மூச்சே விடாது!

பர்மனென்டாக ஒரு சீக்வென்ஸ் செய்து, 1,847-லிருந்து நம்பர் கொடுக்கச் சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. "தப்பு என்னுது சார்" என்று மானேஜரிடம் போய்ச் சொல்ல அரை மணி ஆனது.

தம்பிக்குப் பாக்கிச் சம்பளம் வந்துவிட்டது. அவனை மறுபடி எடுக்கச் சொல்லி மானேஜரை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். நல்லெண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த தடவை அவன் போனை எடுக்காவிட்டால் என் பர்மனென்ட் என்னாவது?