ஷாட் தேம்ஸ்: கிடங்குகள் வீடான கரை

லண்டன் டவர் பாலத்தின் தென்கரையில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் ஷாட் தேம்ஸ் தெரு. கல் பாவிய ஒடுக்கமான தெரு. இருபுறமும் வானத்தை மறைக்கும் செங்கல் சுவர்கள். தலைக்கு மேலே ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு இரும்புப் பாலங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஆற்றோரக் கிடங்கில் ஏற்றிய பீப்பாய்களைத் தெருவில் இறக்காமலே பின்வரிசைக் கிடங்குக்கு உருட்டிச் செல்லப் போட்டவை அவை. இன்று அந்தப் பாலங்கள் வீடுகளின் பால்கனிகள். பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

கட்டடப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தது போலிருக்கும். சின்னமன் வார்ஃப், கார்டமம் பில்டிங், க்ளோவ் பில்டிங், டாமரிண்ட் கோர்ட், கோரியாண்டர் கோர்ட். பட்டை, ஏலம், கிராம்பு, புளி, மல்லி என எல்லாம் நம் அடுக்களைச் சரக்கு. பெயர்களில் சில பிற்பாடு சூட்டப்பட்டவை. சரக்கு வந்தது மெய். புதுப்பித்த வீடுகளில் முதலில் குடியேறியவர்கள், செங்கல்லில் ஊறிய மசாலா வாசம் பல காலம் போகவில்லை என்று சொல்வார்கள்.

இங்குள்ள பெருங்கிடங்கான பட்லர்ஸ் வார்ஃப் 1871-73இல் கட்டப்பட்டது. அதே 1873இல்தான் இலங்கையின் லூல்கந்துரா தோட்டத்திலிருந்து தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் 23 பவுண்டு தேயிலையை லண்டனுக்கு அனுப்பினார். அந்தச் சிறு பொதிக்குப் பின்னால் மலையே பெயர்ந்து வந்தது. காட்டை அழித்துச் செடி நட்டதும் கொழுந்து பறித்ததும் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்ட குடும்பங்கள். அவர்கள் பறித்த தேயிலை லண்டன் ஏலத்தில் விலை போயிற்று. அந்த ஏலம் 1998 வரை நடந்தது. தேயிலைப் பெட்டிகள் அடுக்கிய இந்தக் கரையை நாம் வேற்றூர் என்று கடந்துபோக முடியாது.

பெட்டியைச் சுமந்தவர்கள் கதையும் இலேசானதல்ல. அன்றாடம் காலையில் துறைவாசலில் கூடி, மேஸ்திரி கைகாட்டினால்தான் அன்றைக்குக் கூலி. 1889இல் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டு லண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அதை முன்னின்று நடத்திய பென் டில்லெட்டே தேயிலைக் கிடங்கில் வேலை பார்த்தவர்தான்.

பிறகு கப்பல்கள் பெருத்தன, கன்டெய்னர் வந்தது. ஆழமான டில்பரித் துறைக்குச் சரக்கு போய்விட்டது. 1972இல் பட்லர்ஸ் வார்ஃப் மூடியது. காலிக் கிடங்குகளில் குறைந்த வாடகைக்குக் கலைஞர்கள் குடியேறினார்கள். திரைப்பட இயக்குநர் டெரிக் ஜார்மன், சிற்பி ஆண்ட்ரூ லோகன் அவர்களில் சிலர். பிறகு அவர்களுக்கும் இடமில்லாமல் போயிற்று. எண்பதுகளில் முதலீடு வந்தது.

தெருவின் கிழக்குக் கோடியில் செயின்ட் சேவியர்ஸ் டாக் என்ற குறுகிய ஓடைத்துறை. அதற்கு அப்பால்தான், டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் திருடன் பில் சைக்ஸ் சாகும் ஜேக்கப்ஸ் தீவு இருந்தது. அங்கே நிற்கும் நியூ கன்கார்டியா வார்ஃப், 1885இல் கட்டிய தானியக் கிடங்கு. 1981-83இல் அதை அறுபது வீடுகளாக மாற்றினார்கள். இந்த வட்டாரத்தில் பெரிய கிடங்கு ஒன்றை வீடாக்கியதில் முன்னோடி அதுதான். என் பார்வையில் இன்றும் அதுதான் உயர்ந்தது.

காரணம், அவர்கள் கட்டடத்தை மறைக்கவில்லை. பூச்சு இல்லாத செங்கல், தடித்த மர உத்தரம், வார்ப்பிரும்புத் தூண் எல்லாம் வீட்டுக்குள்ளேயே தெரிகின்றன. மூட்டையை உள்ளே இழுத்த வாசல்கள் கண்ணாடிக் கதவுகளாயின. பாரந்தூக்கி சுவரிலேயே இருக்கிறது. ஆனால் கிடங்கில் குடியிருப்பது சுலபமான ஏற்பாடு இல்லை. சரக்குக்கு வெளிச்சம் வேண்டாம். அதனால் கட்டடத்தின் நடுப்பகுதி இருட்டு. இப்படிப்பட்ட வீடுகளில் குளியலறையையும் அடுக்களையையும் நடுவில் தள்ளி, கூடத்தையும் படுக்கையறையையும் ஜன்னலோரம் வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே தினமும் இரண்டு முறை ஆற்று நீர் ஏறி இறங்குகிறது. வற்றும்போது ஓடைத்துறையில் வெறும் சேறுதான்.

பட்லர்ஸ் வார்ஃப் பக்கத்தை மாற்றியவர் வடிவமைப்பாளர் டெரன்ஸ் கான்ரன். அங்கேயே, பழைய வாழைப்பழக் கிடங்கு ஒன்றில் 1989இல் டிசைன் மியூசியம் திறந்தது. 2016இல் அது கென்சிங்டனுக்குப் போய்விட்டது.

இன்று இங்கே சின்ன ஃப்ளாட் வாங்கக்கூட நம் பணத்தில் கோடிகள் வேண்டும். மூட்டை சுமந்தவரின் பேரப்பிள்ளை அந்த விலைக்கு எங்கே போவார்? சுவர்களைக் காத்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். இடிபட்டிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஒரு கல்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் காத்த வீடுகளில் ஒரு பங்காவது எளியவர்க்கென்று ஒதுக்கியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

லண்டன் போகிறவர்கள் டவர் பாலத்தைப் படமெடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்திலிருந்து ஷாட் தேம்ஸுக்குக் கால்மணி நேர நடைதான். தெருவுக்குக் கட்டணம் கிடையாது. ஓடைத்துறை வாயிலின் நடைபாலம் வரைக்கும் போய்ப் பாருங்கள்.